குடுவைச் செடிகளுக்கு ஒதுக்கிய அறை

அச்சகத்தில் அவளுக்குப் பெயர் பேப்பரக்கா. காகிதக் கிடங்கு அவள் பொறுப்பில் இருந்தது. லாரியிலிருந்து இறங்கும் தாளை விரலால் நீவிப் பார்த்து, "இது நமத்திருக்கு, மெஷின்ல போட்டா சுருளும், திருப்பி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டால் முதலாளியும் மறுபேச்சுப் பேசமாட்டார். கிடங்குச் சுவரில் கடிகாரம் மாதிரி வட்டமாக ஒரு ஈரமானி மாட்டியிருந்தது. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதென்று அதன் முள் காட்டும். முள் ஏறினால் ஜன்னலைச் சாத்துவாள், இறங்கினால் வாளியில் தண்ணீர் வைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்தே அவள் பிழைப்பு ஓடியது.

அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பழகுகிறவர்களுக்கான காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, அந்த பிரேக்தான் அவருடைய உலகம். ஓட்டுகிறவர் கொஞ்சம் தைரியம் வந்து, முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்க்கிற சமயம் பார்த்து ஓங்கி மிதிப்பார். நெற்றி போய் ஸ்டியரிங்கில் இடிக்கும். "தலைக்கனம் இறங்கிச்சா?" என்பார். ஊரே அவரை பிரேக் மாஸ்டர் என்றது. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை அவர் பட்டம் மாதிரி வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டார்.

வீட்டிலும் அதே பிரேக்தான். "இன்னைக்கு வேலையில ஒரு கூத்து நடந்துச்சுங்க" என்று அவள் தொடங்குவாள். "உப்பு எங்கே?" என்பார். உப்பை எடுத்து வைத்துவிட்டு மறுபடி தொடங்கினால், "விட்ட இடத்திலேயே இருக்கியா நீ?" என்பார். அவர் கை நீட்டியது அபூர்வம். அதற்கு அவசியமே வரவில்லை.

ஒரு முறை அவளுக்குப் பொறுப்பு உயர்த்திக் கொடுத்தார்கள். வந்து சொன்னாள். அவர் நிதானமாக எழுந்து அவள் தோளைப் பிடித்து வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார். "பெரிய ஆளாயிட்டியே, வெளியே நின்னு ஊரெல்லாம் பாரு." மழை பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயசில் இருந்த மகள் ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து அம்மாவைப் பார்த்தாள். எதிர் வீட்டுக்காரி குடையோடு வந்து "என்னக்கா, நனையறீங்களே?" என்றதற்கு, "வெக்கையா இருந்துச்சு" என்று பதில் சொன்னாள் பேப்பரக்கா.

மகள் கல்யாணமாகிப் போன வருஷம், ஒரு நர்சரிக்காரர் தன் செடிகளின் படம் போட்ட காலண்டரை அச்சடிக்கக் கொடுத்தார். திருத்தப்படியைச் சரிபார்க்கும்போது ஒரு படத்தில் அவள் கண் நின்றுவிட்டது. இலை நுனியிலிருந்து ஒரு நரம்பு கீழே தொங்கி, அதன் முனையில் செம்மண் நிறத்தில் ஒரு குடுவை. குடுவைக்கு மூடிகூட இருந்தது.

"இது நிஜமா, வரைஞ்சதா?" என்று கேட்டாள்.

"நிஜந்தாங்க. குடுவைச் செடி. உள்ளே பூச்சி விழுந்தா கரைச்சுக் குடிச்சிடும்" என்றார் நர்சரிக்காரர். அவள் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்ததால், அடுத்த முறை வரும்போது ஒரு சின்னச் செடியைக் கொண்டு வந்து கொடுத்தார். "வேருக்குத் தண்ணி ஊத்தினா போதும்னு நினைச்சுடாதீங்க. இதுக்குக் காத்துல ஈரம் வேணும். காத்து காஞ்சா இலை வரும், குடுவை வராது."

காற்றின் ஈரத்தைப் பற்றி அவளிடமா சொல்ல வேண்டும்? அவள் செய்துகொண்டிருந்த வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

குளியலறை ஜன்னலில் தொங்கவிட்டாள். ஒரு காலை பல் தேய்க்கப் போனவள், குடுவைக்குள் சிகரெட் துண்டு மிதப்பதைப் பார்த்தாள். அடுத்த குடுவையிலும் ஒன்று. "வாயைத் திறந்துக்கிட்டு இருந்துச்சு, போட்டேன்" என்றார் பிரேக் மாஸ்டர். "எதைக் கொடுத்தாலும் முழுங்குமாமே, உன்னை மாதிரி."

அவள் சிகரெட் துண்டுகளை எடுத்தெறிந்தாள். செடியைப் பின்னறைக்கு மாற்றினாள். பழைய துணியும் உடைந்த நாற்காலியும் கிடந்த அறை அது. குப்பையைக் கழித்து, ஒரு பெரிய மீன் தொட்டியை வைத்து, அடியில் கூழாங்கல் பரப்பி, கல் நனையும் மட்டும் தண்ணீர் விட்டு, அதன்மேல் செடியை வைத்தாள். தொட்டி வாயை பிளாஸ்டிக் தாளால் முக்கால்வாசி மூடினாள். நர்சரிக்காரரிடம் இன்னும் சில செடிகள் வாங்கிச் சேர்த்தாள். முழுக்க மூடினால் காற்று நின்று தண்டு அழுகும் என்பதை ஒரு செடியைப் பலி கொடுத்துக் கற்றுக்கொண்டாள். குழாய்த் தண்ணீரின் உப்பு ஆகாதென்று மழைத் தண்ணீர் பிடித்து வைத்தாள். வெண்பனியாகப் புகை விடும் மெஷின் ஒன்று வாங்கினாள். அச்சகத்தில் புது ஈரமானி மாட்டியபோது, பழையதைக் கேட்டு வாங்கி வந்து தொட்டிக்குள் சாய்த்து வைத்தாள். முள் எண்பதில் நின்றால் அன்றைக்கு அவள் முகமே வேறு மாதிரி இருக்கும்.

புதுக் குடுவை முதலில் மூடி ஒட்டியபடிதான் வளரும். ஊதிக்கொண்டே வந்து ஒரு நாள் காலையில் மூடி தானாக விலகும். அந்த முதல் நாளைப் பார்ப்பதற்காகவே அவள் சீக்கிரம் எழுந்தாள்.

மகளுக்குப் பிரசவம் வந்தது. பேப்பரக்கா போய்ச் சில வாரம் இருந்து வரவேண்டியதாயிற்று. போகும்போது புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அந்த ரூம் ஜன்னலைத் திறக்காதீங்க. மெஷினுக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க."

திரும்பி வந்தபோது பின்னறை ஜன்னல் இரண்டும் விரியத் திறந்திருந்தன. தொட்டியை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைக் காணோம். கூடத்து மின்விசிறியைக் கொண்டு வந்து தொட்டிக்கு நேராக நிறுத்தியிருந்தார், அது சுற்றிக்கொண்டிருந்தது. குடுவைகள் எல்லாம் எரிந்த தீக்குச்சித் தலைகள் மாதிரி கருத்துச் சுருங்கித் தொங்கின. தொட்டால் பொடியாயின.

"காத்தோட்டம் வேணாமா? வெயில் காட்டினேன்" என்றார். கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேரப்பிள்ளை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள்.

சமையலறைக்குப் போய் அடுப்பில் பால் வைத்தாள். பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பின்னறைக்குப் போய் ஒவ்வொரு செடியின் அடித்தண்டையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் உள்ளே பச்சை இருந்தது. மற்றவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த ஒன்றின்மேல் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தாள்.

அந்த ஒன்றுதான் வேரடியில் முளைவிட்டு, கொடியாக ஏறி, வெட்டி நட நடப் பலவாக ஆயிற்று.

பிரேக் மாஸ்டர் விழுந்தது ஒரு மத்தியானம். வகுப்பு முடிந்து காரிலிருந்து இறங்கும்போது வலது கால் தரையில் ஊன்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலப்பக்கம் முழுக்க மரமாகிவிட்டிருந்தது. நாக்கும் போயிற்று. இடது கையும் கண்ணும் மட்டும் பழையபடி இருந்தன. கண்ணில் அதே பிரேக்கும் இருந்தது.

கட்டிலை எங்கே போடுவது? பின்னறையில்தான் ஒட்டினாற்போல் குளியலறை இருந்தது. மருத்துவர் சொன்னதும் அதுதான், மகள் சொன்னதும் அதுதான். ஆக, கட்டில் பின்னறைக்குப் போனது. இதுவரை யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அவள் அச்சக வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்தாள். எதிர் வீட்டுக்காரி, "உனக்குத்தான் எவ்வளவு பொறுமை" என்று கண்ணைத் துடைத்தாள்.

அதன் பிறகு நடந்ததற்கு யாரும் அவளைத் தூண்டவில்லை.

கொடிகள் தொட்டியை மீறி வளர்ந்துவிட்டன. பெரிய தொட்டி வாங்கலாம் என்றுதான் முதலில் யோசித்தாள். பிறகு ஒரு நாள் கட்டிலோரத்தில் நின்று அறையை அளவெடுப்பது போலச் சுற்றிப் பார்த்தாள். அறையையே தொட்டியாக்கினால் என்ன?

ஜன்னல்களைச் சாத்தி இடுக்கில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாள். கதவின் அடியில் நனைத்த துண்டைச் சுருட்டி வைத்தாள். செடிகளைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலைச் சுற்றிக் கம்பிகளில் தொங்கவிட்டாள். பனி மெஷின் இரண்டாயிற்று. தலைக்குமேல் சுற்றுகிற விசிறி ஈரத்தைக் குடித்துவிடும், அதை நிறுத்தினாள். செடிகளுக்குக் காற்று தேங்கக் கூடாதே, அதற்காகக் கையகல விசிறி ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தாள். அதன் முகம் செடிகளின் பக்கம் இருந்தது. கட்டிலுக்கு அதன் காற்று எட்டாது. எட்டாதபடி அவளே கோணம் பார்த்து வைத்தாள்.

அவருக்கு வியர்த்தது. வியர்வை காய வழியில்லை. போர்வை எப்போதும் பிழிந்த துணி போல இருந்தது. தலையணையிலிருந்து பாசி வாசம் வந்தது.

"கா… கா…" என்றார் ஒரு நாள், இடது கையால் ஜன்னலைக் காட்டி.

"காக்காவா?" என்று எட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே."

"கா…!"

"காப்பியா? இப்பதானே குடிச்சீங்க."

அவருக்கு வேண்டியது காற்று என்பது அவளுக்கு முதல் தடவையே புரிந்தது. அவர் முஷ்டியால் கட்டில் சட்டத்தைக் குத்தினார். அவள் துண்டை எடுத்து அவர் கழுத்தை ஒற்றிவிட்டு, ஈரமானியைப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அவரைக் குளிப்பாட்டுவாள், வேளாவேளைக்கு ஊட்டுவாள், மருந்து தவறாது. அதில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி நடந்துகொண்டாள். வேலை முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்குவாள். அத்தனை வருஷம் பாதியில் நின்ற பேச்செல்லாம் இப்போது முழுசாக வந்தது.

"பாருங்க, ஒரு எறும்பு விளிம்புல நிக்குது. தேன் மாதிரி ஒண்ணு சுரக்கும், அதுக்காக வருது. விளிம்பு ஈரமா இருந்தாத்தான் வழுக்கும். காஞ்சிருந்தா எறும்பு நக்கிட்டுப் பிழைச்சுப் போயிடும். அதான் நான் காய விடறதில்லை." எறும்பு உள்ளே விழுந்தது. "இப்ப ஏறப் பார்க்கும். ஏற முடியாது. உள்பக்கம் மெழுகு."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். கட்டிலுக்குப் பின்னால் அந்தச் சுவரில் கரும்புள்ளிகள் பூக்க ஆரம்பித்திருந்தன.

கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க ஒரு இளைஞன் வந்துகொண்டிருந்தான். பிசியோ தம்பி என்பாள். அவன் வருகிற நாட்களில் விடிந்ததும் பிளாஸ்டிக்கைப் பிரித்து, ஜன்னலைத் திறந்து, போர்வை மாற்றி வைத்துவிடுவாள். அப்படியும் அவன் மூக்கைச் சுளித்தான். "அம்மா, ரூம் ரொம்ப ஈரமா இருக்கு. படுத்தே இருக்கிறவங்களுக்கு முதுகு புண்ணாயிடும். செடியை வெளியே வைங்க."

"வைக்கறேன் தம்பி."

ஒரு நாள் வேறு வீட்டு வேலை ரத்தானதால், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள், கதவு தட்டியது காதில் விழவில்லை. நேரே உள்ளே போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினான். ஈரத்துண்டு காலில் சிக்கியது. வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. புகைக்குள் சிவந்த குடுவைகள் தொங்க, நடுவில் பிரேக் மாஸ்டர் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். புரட்டிப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

வாசலுக்குப் போய் மகளுக்குப் போன் செய்தான்.

மகள் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டாள். முதலில் ஜன்னல் பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். பிறகு அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு வந்தாள்.

"வேணும்னுதானே செஞ்சே?"

பேப்பரக்கா அவளுக்கு உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சொல்லும்மா. தெரியாம நடந்துச்சுன்னு சொல்லேன். நம்பிட்டுப் போறேன்."

"தெரியாம எப்படி நடக்கும்? ஈரமானி இருக்கே" என்றாள் அம்மா.

மகள் பின்னறைப் பக்கம் கையை நீட்டினாள். "செடிக்கு இருபத்து நாலு மணி நேரமும் ஈரம் வேணும். உன் மனசுல ஒரு சொட்டு இருக்கா?"

"அவரை எங்கே கூட்டிட்டுப் போறே?"

"என் வீட்டுக்கு. மனுஷங்க இருக்கிற வீட்டுக்கு."

தூக்கு நாற்காலியில் இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது, வாசலில் அவர் இடது கையால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. மகள் விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள். வீட்டை விட்டுப் போக மனசில்லாமல் பிடித்தாரா, இல்லை அவளைப் பார்க்க வேண்டும் என்று பிடித்தாரா, தெரியவில்லை. அவள் பின்னறையில் பனி மெஷினுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

எதிர் வீட்டுக்காரி அதன் பிறகு அவளோடு பேசுவதை விட்டாள். கட்டில் போன இடத்தில் இன்னும் செடிகள் வந்தன. அவளுக்கு அந்த நாட்கள் நன்றாகவே கழிந்தன என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறை, நாற்காலியை இழுத்துப் போட்டு, "இன்னைக்குப் புதுசா ஒண்ணு திறந்திருக்கு, பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கேட்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது.

"ம்மா, அப்பாவை அங்கேயே கொண்டு வந்து விடட்டுமா?"

"ஏன்?"

"புண்ணெல்லாம் ஆறிடுச்சு. ஆனா… ஊட்டறப்ப துப்பறார். கிட்டப் போனா இடது கையால கிள்ளறார். நேத்து பாப்பா பொம்மையைக் காட்டப் போச்சு. கையைப் பிடிச்சுத் திருகிட்டார்ம்மா. அது கத்துது, அவர் சிரிக்கிறார். நாக்கு போனாலும் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கு."

"ம்."

"நீ எப்படிம்மா இத்தனை வருஷம்…"

"அதை இப்பதான் கேக்கறியா?"

மறுமுனையில் அழுகை. "சின்ன வயசுல எனக்கு என்ன தெரியும்? உன்னை வெளியே நிறுத்தினப்ப நான் கதவைத் திறக்க ஓடினேன். தாழ்ப்பாள் எட்டலை."

இந்த ஒன்றைப் பேப்பரக்கா அறிந்ததில்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் இளகியிருப்பாள். இவளும் இளகத்தான் பார்த்தாள். வாயில் வந்தது வேறு.

"உனக்குத்தான் மனசுல ஈரம் இருக்கே. வச்சுப் பார்த்துக்கோ. இங்கே ரூம்ல இடமில்லை."

மகள் போனை வைத்துவிட்டாள்.

பாப்பாவின் கை வீக்கம் வடிவதற்குள் மருமகன் ஒரு விடுதியைக் கண்டுபிடித்தார். படுக்கையோடு இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், தலைக்குமேல் பெரிய பெரிய விசிறிகள். பிரேக் மாஸ்டருக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. துப்பினால் அங்கே யாரும் பதறவில்லை, துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். கிள்ளினால் கையைப் போர்வைக்குள் செருகி இறுக்கிவிட்டார்கள். மகள் முதலில் அடிக்கடி போனாள். பிறகு எப்போதாவது. பிறகு மருமகன் மட்டும் போய் வந்தார்.

பேப்பரக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனாள். யாரும் அழைக்கவில்லை. நல்ல புடவையாக உடுத்தி, தலை வாரி, கையில் ஒரு பையோடு போனாள். கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. அவள் பையிலிருந்து ஒரு குடுவையை எடுத்தாள். பழுத்துத் தானாக வாடியது. நகவெட்டியின் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இந்தத் தடவை என்னென்ன விழுந்திருக்கு பாருங்க. இது ஈயோட இறக்கை. இது வண்டு, ஓடு மட்டும் மிச்சம். உள்ளே இருந்ததெல்லாம் கரைஞ்சிடுச்சு. இது என்னன்னு தெரியலை, ரொம்ப நாள் உயிரோட இருந்திருக்கும் போலிருக்கு."

அவர் தலையைத் திருப்பினார். அவள் எழுந்து ஸ்டூலை மறுபக்கம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டார். காதை மூட அவருக்குக் கை இல்லை, போர்வைக்குள் இருந்தது. அவள் குரலை உயர்த்தாமல், கோபமில்லாமல், ஈரம் எத்தனையில் நின்றது, எந்தக் கொடி எவ்வளவு ஏறியது, எந்தக் குடுவை திறந்தது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கிளம்பும்போது அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும். அங்கே வேலை பார்த்த தாதிக்கு அவளைக் கண்டால் மனம் உருகியது. "பெத்த பிள்ளைங்களே எட்டிப் பார்க்கறதில்லை. நீங்க மழையில நனைஞ்சு வர்றீங்களேம்மா" என்று அவளுக்குத் தேநீர் கொண்டு வந்து கொடுப்பாள். "பாருங்கய்யா, யார் வந்திருக்காங்க!" என்று அவர் முகத்தைப் பிடித்து அவள் பக்கம் திருப்பியும் விடுவாள்.

பிரேக் மாஸ்டர் இப்படி இரண்டு மழைக்காலம் பார்த்தார். கடைசியில் சளி கட்டி, ஒரு வேலை நாளில் மூச்சு நின்றது.

காரியமெல்லாம் முடிந்து அவருடைய சாமான்களை வாங்கிக்கொள்ள அம்மாவும் மகளும் விடுதிக்குப் போனார்கள். போன் பேச்சுக்குப் பிறகு இருவரும் தனியாகச் சேர்ந்து போவது அதுதான் முதல். மூக்குக்கண்ணாடி, சீப்பு, இரண்டு சட்டை, ஒரு பையில் அடங்கிவிட்டது. தாதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கம்மா மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லைம்மா. ஒரு வாரம் தவறலை. பக்கத்துல உக்காந்து அவ்வளவு பேசுவாங்க. அய்யா கண்ணுல தண்ணி தாரையா கொட்டும். கொடுத்து வச்ச மனுஷன்."

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வாடகைக் காரில் ஏறிப் பின்னிருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் மகள் மெதுவாக, ஏறக்குறைய அன்பாகவே கேட்டாள்.

"நீ வந்துட்டிருந்தேன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா. அவர்கிட்ட என்ன பேசுவே?"

பேப்பரக்கா பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். பொய் சொல்ல ஒரு கணம் போதும். அந்த ஒரு கணமும் அவளுக்கு இருந்தது.

"செடியைப் பத்தித்தான்" என்றாள்.

மகளின் முகத்தில் கேள்வி இருந்த இடம் வெறுமையாயிற்று. அவள் டிரைவரிடம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். இறங்கி, முன்கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.

"போலாம்" என்றாள்.